கணுக்கால் வரை ஒரு கணக்கு

ஃபிட் எத்தனை வகை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம்: கிளியரன்ஸ், ட்ரான்சிஷன், இன்டர்ஃபியரன்ஸ். ஷாஃப்டுக்குப் பார்க்கிற கணக்கைச் சொந்தக் காலுக்கு யார் பார்க்கிறோம்? "போடப் போட லூஸ் ஆயிடும் தம்பி" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

எனக்கு மிட்-டாப் ஷூ என்றால் உயிர். கணுக்கால் எலும்பைத் தொட்டும் தொடாமலும் நிற்குமே, அந்த ரகம். அதில் பேர்போனது வேன்ஸ் கம்பெனியின் 'ஹாஃப் கேப்'. 1989-ல் அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் ஸ்டீவ் கபாலெரோ பெயரில் உயரமான ஷூ ஒன்று வந்தது. கால் மடங்க இடைஞ்சல் என்று ஸ்கேட்போர்டு பையன்கள் மேல்பகுதியை வெட்டி, டேப் ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். கம்பெனி கோபிக்கவில்லை, 1992-ல் அந்த உயரத்திலேயே புது மாடல் போட்டது. டிராயிங் போர்டு தோற்று, கால் ஜெயித்த கதை!

இந்த வருஷம் நானும் ஒரு மிட்-டாப் வாங்கப் போனேன். கையில் இருந்தது, அப்பா தறிப்பட்டறையில் நைட் ஷிஃப்ட் பார்த்துக் கொடுத்த பணம். அதனால் அவசரப்படவில்லை. சாயங்காலம்தான் போனேன், பகலெல்லாம் நடந்த கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். தினமும் போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டேன். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் கிளியரன்ஸ். குதிகாலில் மட்டும் பிடிப்பு. நடக்கும்போது தூக்கக் கூடாது. பிறகு கடையிலேயே குந்தி உட்கார்ந்தேன். மிட்-டாப்புக்கு இதுதான் பரீட்சை: காலர் கணுக்காலைக் கடித்தால் பெயில்! சோல், விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம்.

பார்க்க ஜோரான ஒரு ஜோடி என் சுண்டுவிரலை நெருக்கியது. நண்பன் "சூப்பர்டா, எடு" என்றான். வைத்துவிட்டேன். பெயர் கேள்விப்படாத இன்னொன்று எல்லாவற்றிலும் பாஸ். அதன் தட்டை சோலில் குஷன் கம்மி. பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றால் குதிகால் சொல்லும். தெரிந்துதான் எடுத்தேன்.

விலைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1,000 ரூபாய் ஷூ 5 மாதம் உழைத்தால் மாதம் 200. 2,400 ரூபாய் ஷூ 16 மாதம் உழைத்தால் மாதம் 150. எது மலிவு? நீங்களே சொல்லுங்கள்!

ஒன்று மட்டும்: ஒர்க்‌ஷாப்புக்கு இது ஆகாது. ஜாப் காலில் விழுந்தால் கேன்வாஸ் தாங்காது. அங்கே சேஃப்டி ஷூதான்.

பிராண்டை ஊர் பார்க்கும். கொப்புளத்தை நாம்தான் பார்க்க வேண்டும். வெட்கப்படாமல் கடையில் குந்திப் பாருங்கள்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல்