பெட்டிக்குள் ஒரு வானொலி நிலையம்

2024 டிசம்பர் முதல் வாரம். புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்தபின் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. மலை மேல் இருக்கும் அக்காவுக்கு நாமக்கல்லில் இருந்து தம்பி போன் போட்டபடியே இருந்தார். 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று ஒரு பெண் குரல். இரண்டு நாளும் அதே குரல்தான்.

அவருக்கு ஐம்பத்து சொச்சம் வயது. லாரி பாடி கட்டும் பட்டறையில் எலெக்ட்ரிக்கல் வேலை. இருபது வருஷமாக ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறார். வீட்டு அலமாரியில் ரேடியோ, மாடியில் ஆன்டெனா, சுவரில் வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பிய அட்டைகள்.

"ஏனுங்கப்பா, ஜப்பான்காரங்ககூட எல்லாம் பேசறீங்க. ஏற்காட்டு அத்தைகிட்ட பேச முடியலையா?" என்று கேட்டாள் மகள்.

கேலியாகத்தான் கேட்டாள். அவருக்கு அது தைத்துவிட்டது. அன்று அவர் வீட்டிலும் கரன்ட் இல்லை. சுவர் பிளக்கை நம்பி இருந்த ரேடியோ, அலமாரியில் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஹாம் ரேடியோ என்பது அரசு நடத்தும் தேர்வு எழுதி, உரிமமும் தனி அழைப்புக்குறியும் பெற்று நடத்தும் சொந்த வானொலி நிலையம். 12 வயது ஆனால் தேர்வு எழுதலாம். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று, பொழுதுபோக்காக உலக நாடுகளோடு பேசுவதற்காக அந்தமான் போயிருந்தது. 26-ம் தேதி சுனாமி அடித்து தொடர்புகள் அறுந்தபோது, அந்த ரேடியோக்கள்தான் தீவில் இருந்தவர்களின் நலச் செய்திகளை வெளியே கொண்டு சேர்த்தன. செல்போன் டவருக்கு கரன்ட் வேண்டும், பேட்டரி தீர்ந்தால் டீசல் வேண்டும், கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும். ஹாமுக்கு இந்த முனையில் ஒரு ரேடியோ, அந்த முனையில் ஒரு ரேடியோ போதும்.

அந்த 'அந்த முனை'தான் அவருக்குச் சிக்கலே. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பெட்டி. பட்டறையில் மிஞ்சிய அலுமினியத் தகட்டில் அவரே செய்தார். ரேடியோ, பழைய லெட் ஆசிட் பேட்டரி, வயர் எல்லாம் வைத்துத் தூக்கினால் 18 கிலோ. "இதைத் தூக்கிட்டுப் போறதுக்கே ஒரு லாரி வேணுமுங்க" என்றார் வீட்டுக்காரம்மா. பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் அயன் பாஸ்பேட் வகையில் 20 ஆம்பியர்-ஹவர் வாங்கிப் போட்டார். தகடு போய் பிளாஸ்டிக் டூல் பாக்ஸ் வந்தது. எடை பாதியாகக் குறைந்தது.

20 ஆம்பியர்-ஹவர் எத்தனை நேரம் வரும்? அவர் ரேடியோ, சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது சுமார் 1 ஆம்பியர் எடுக்கும். பவரை 20 வாட்டுக்குக் குறைத்துப் பேசினால் 8 ஆம்பியர். மணிக்குப் பத்து நிமிடம் பேசினால், ஒரு மணி நேரத்துக்கு 2 ஆம்பியர்-ஹவருக்குக் கொஞ்சம் மேலே. ஆக, ஒரு ராத்திரி தாங்கும். தீர்ந்தால்? நாமக்கல்லில் லாரிக்கா பஞ்சம்! ஆனால் லாரியில் இருப்பது 24 வோல்ட். ரேடியோ கேட்பது 13.8. யோசிக்காமல் மாட்டினால் புகைதான் வரும். தொடராக இணைத்திருக்கும் இரண்டு பேட்டரிகளில் ஒன்றில் இருந்து மட்டும் எடுக்க வேண்டும். இதை அவர் பெட்டி மூடியின் உள்பக்கம் பெயின்டில் எழுதியே வைத்துவிட்டார். அவசரத்தில் அறிவு வேலை செய்யாது என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்தது ஆன்டெனா. கையடக்க விஎச்எப் ரேடியோ நேர்ப்பார்வைக்குத்தான் சரிப்படும். ஏற்காட்டில் லேடிஸ் சீட்டில் நின்றால் சேலம் ஊரே தெரியும். அங்கிருந்து 5 வாட்டில் சேலத்துக்கு சுலபமாகப் பேசலாம். அக்கா வீடோ மலைக்கு அந்தப் பக்கச் சரிவில், காப்பித் தோட்டத்துக்குள். சேர்வராயன் மலையே குறுக்கே நிற்கிறது.

மலையைத் துளைக்க முடியாது, மேலே போய் இறங்கலாம். 7 மெகாஹெர்ட்ஸ் அலையை, பக்கத்துக்குப் பத்து மீட்டராக மொத்தம் 20 மீட்டர் கம்பியில், நாலைந்து மீட்டர் உயரத்தில் தாழ்வாகக் கட்டி அனுப்பினால் அது செங்குத்தாக மேலே போகும். அயனி மண்டலத்தில் பட்டு, சுற்று வட்டாரத்தில் சில நூறு கிலோமீட்டருக்கு மழை மாதிரி கீழே இறங்கும். நடுவே மலை இருந்தால் என்ன? உயரமான கோபுரமும் வேண்டாம், ஒரு வேப்ப மரமும் ஒரு லாரியும் போதும். இரவு ஏற ஏற இந்த அலை கைவிடலாம். அதற்காக 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு 40 மீட்டர் கம்பி ஒன்றையும் சுருட்டி வைத்தார்.

ஆள்? அக்கா மகனைப் பிடித்தார். "மாமா, வாட்ஸ்அப் இருக்கையில இது எதுக்கு?" என்றவன், அந்த இரண்டு நாளை நினைத்துக்கொண்டானோ என்னவோ, படித்து, தேர்வு எழுதி, அழைப்புக்குறி வாங்கிவிட்டான்.

முதல் ஒத்திகை ஊத்திக்கொண்டது. ஊருக்கு வெளியே களத்துமேட்டில் கம்பியைக் கட்டி முடித்துப் பார்த்தால், கேபிளையும் ரேடியோவையும் இணைக்கும் கனெக்டர் வீட்டு மேஜையில். அன்றிலிருந்து பெட்டியில் இருப்பதை வீட்டுக்கு எடுப்பதில்லை என்று சட்டம். எல்லாவற்றிலும் இரண்டு. பியூஸ் மட்டும் ஆறு. உரிமத்தின் நகல் ஒன்று, நோட்டு ஒன்று. பேனா கிடையாது, பென்சில்தான். மழையில் மை கரையும்.

இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணி. இரைச்சலுக்கு நடுவே மருமகனின் குரல் கரகரவென்று எழுந்தது. அவர் அழைப்புக்குறியைச் சொல்லி, 'ஓவர்' என்று முடித்தான். பக்கத்தில் நின்ற மகள் கையைத் தட்டினாள்.

"நல்லா கேக்குது. அங்க எல்லாரும் சௌக்கியமா? ஓவர்."

கொஞ்சம் இடைவெளி. "சௌக்கியம் மாமா. வெயில்ல தொப்பி போட்டுக்கச் சொல்றாங்க அம்மா. ஓவர்."

அவர் பென்சிலை எடுத்து நேரத்தைக் குறித்தார். செய்தி என்ற இடத்தில் 'தொப்பி' என்று எழுதினார்.