சொல்லாமல் விட்டால் என்ன?

கடந்த வாரம் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் ஆசிரியபீடத்தில் எனக்கு மூத்தவராக இருந்தவர். முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்காக மாதக்கணக்கில் காத்திருந்து இப்போதுதான் அவருக்கு ஒரு நாள் கிடைத்திருக்கிறது. அதற்கு ஐந்து நாட்களே இருக்கையில் வீட்டில் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டிலேயே செய்யும் பரிசோதனையை எல்லோருமாகச் செய்து பார்த்தபோது, அவருக்கும் இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. கொரோனா.

"எனக்கு ஒரு தும்மல்கூட இல்லைத் தம்பி. ஆஸ்பத்திரியிலை இப்ப முந்தி மாதிரி எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கிறதும் இல்லை. சொல்லாமல் விட்டால் என்ன?" என்று கேட்டார்.

அவரைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால், அதே கேள்வியை 2021 மே மாதத்தில் நான் என் மனைவியிடம் கேட்டிருந்தேன்.

அந்த வருடத்தின் தொடக்கத்தில் இரண்டு தடவை என்னை நள்ளிரவில் சுருட்டி எடுத்த வயிற்றுவலிக்குக் காரணம் பித்தப்பைக் கற்கள் என்று கண்டறியப்பட்டது. பித்தப்பையை அகற்றிவிடுவதே நல்லதென்று சத்திரசிகிச்சை நிபுணர் கூறினார். கொழும்பில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் மே மாதம் இரண்டாம் வாரத்தில் நாள் குறிக்கப்பட்டது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பின்னர் மூன்றாவது அலை நாட்டைச் சூழ்ந்திருந்த காலம். சத்திரசிகிச்சைக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் பி.சி.ஆர். பரிசோதனை கட்டாயம். மாலையில் அழைப்பு வந்தது. தொற்று உறுதி; சத்திரசிகிச்சை ஒத்திவைக்கப்பட்டது.

எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அன்று காலை குடித்த கோப்பியின் மணம்கூட நன்றாகவே தெரிந்தது. பரிசோதனை பிழையென்றே நினைத்தேன். தெரிந்தவர் ஒருவர் வேறோர் இடத்தின் பெயரைச் சொல்லி, அங்கே விரைவுப் பரிசோதனை மாத்திரம்தான் செய்கிறார்கள், அதில் பிடிபடாமலும் போகலாம் என்றார். அப்போதுதான் மனைவியிடம் கேட்டேன், அங்கே போய் இதைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று.

"உங்கடை வாய்க்குள்ளை குனிஞ்சு குழாய் வைக்கிற டொக்டரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே" என்றார் அவர். வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நான் இடைநிலைப் பராமரிப்பு நிலையமொன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டேன்.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 இல், நோய் அறிகுறியே இல்லாதவர்களையும் சத்திரசிகிச்சை செய்யாது திருப்பி அனுப்புகிறார்களே என்று கண்டித்து ஒரு பத்தி எழுதியவன் நான். வைத்தியர்கள் பயத்தினால் கடமையைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்ற தொனியில் அது அமைந்திருந்தது. எழுதுவதற்கு முன்னர் ஒரு மயக்க மருந்து நிபுணரிடமாவது நான் விசாரிக்கவில்லை.

அந்த விசாரணையை ஒரு வருடம் பிந்தி, தனிமைப்படுத்தல் கட்டிலில் இருந்துகொண்டே செய்தேன். எனக்கு மயக்க மருந்து கொடுக்கவிருந்த பெண் நிபுணர் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தப்பட்டு, இயந்திரமே காற்றை உள்ளே தள்ளுகிறது. நுரையீரலின் சில பகுதிகள் சுருங்கிப்போகின்றன. கண்விழித்த பின்னர் வயிற்றுக் காயத்தின் வலியினால் நோயாளி ஆழமாக மூச்செடுக்கவும் இருமவும் தயங்குவதால் சளி தேங்குகிறது. சத்திரசிகிச்சை என்பதே உடலுக்கு ஒரு காயம். அது அழற்சியைத் தூண்டும், இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். கொரோனா வைரசும் நுரையீரலிலும் இரத்தத்திலும் இதே வேலைகளைத்தான் செய்கிறது. "ரெண்டையும் ஒரே கிழமையிலை உடம்பு தாங்கவேணும் ஐயா" என்றார்.

பத்திரிகையாளன் புத்தி விடவில்லை. கைத்தொலைபேசியிலேயே ஆய்வுகளைத் தேடினேன். 2020 ஜனவரியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் சீனாவின் வூஹானில், அறிகுறி தோன்றாத நிலையில், தொற்று இருப்பது தெரியாமலே சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 34 பேரைப் பற்றிய அறிக்கை கிடைத்தது. அவை அவசரமற்ற, முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சைகள். அதன் பின்னர் 34 பேருக்கும் நியூமோனியா ஏற்பட்டிருந்தது. 15 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றனர். 7 பேர் இறந்தனர்.

2021 மார்ச்சில் வெளியான மற்றொன்று மிகப் பெரிய ஆய்வு: 116 நாடுகள், ஒரு லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகள். தொற்று ஏற்படாதவர்களில் சத்திரசிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தோர் 1.5 வீதம். தொற்று உறுதியாகி முதல் இரண்டு வாரங்களுக்குள் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் அது 4.1 வீதம். ஐந்தாம், ஆறாம் வாரங்களிலும் 3.6 வீதம். ஏழு வாரங்கள் கடந்தால் மீண்டும் 1.5 வீதம். அறிகுறியே காட்டாதவர்களிலும் அந்த முதல் ஏழு வாரங்களில் ஆபத்து கூடியே இருந்தது. எனக்கு விதிக்கப்பட்ட ஏழு வாரத் தவணையின் அடிப்படை அதுதான்.

ஆனால், காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அந்த நிலையத்தில் என் பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இருந்தார். பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. அவருக்கும் அறிகுறி இல்லை. கட்டி குடலை அடைத்துவிடும் என்ற அச்சத்தினால் ஏழு வாரங்கள் பொறுக்க முடியாதென்று அவருடைய வைத்தியர்கள் தீர்மானித்து, நான்காவது வாரத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். நியூமோனியாவினால் நெடுநாள் வைத்தியசாலையில் கிடந்து எழுந்துவந்தார். டிசம்பரில் என்னை அழைத்துப் பேசினார். குரல் மெலிந்திருந்தது. பொறுத்திருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது எவருக்கும் தெரியாது.

எனக்கும் அந்த ஏழு வாரங்கள் இலகுவாகக் கழியவில்லை. ஐந்தாவது வாரத்தில் வலி மறுபடியும் வந்தது. பயணக் கட்டுப்பாடு நடைமுறையில் இருந்த இரவு. மருத்துவத் துண்டைக் காவலரணில் காட்டிக் காட்டியே வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊசியுடன் வலி தணிந்தது. காய்ச்சலோ மஞ்சள் நிறமோ கண்டால் உடனே வரவேண்டும், அப்போது வாரக் கணக்குப் பார்க்கமாட்டோம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதி நாட்களைக் கடத்தினோம். ஜூலையில் பித்தப்பை அகற்றப்பட்டது. மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தடுப்பூசிகள் வந்தன, வைரசின் கடுமையும் தணிந்தது. ஏழு வார விதியும் தளர்ந்தது. அவசரமற்ற சத்திரசிகிச்சையைக் குறைந்தது இரண்டு வாரங்கள் தள்ளிவைத்து, அதன் பின்னர் ஏழு வாரங்கள் வரை அவரவர் வயதையும் ஏனைய நோய்களையும் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று அமெரிக்க மயக்க மருந்து நிபுணர்களின் அமைப்புகள் 2023 இல் அறிவுறுத்தின. அறிகுறியில்லாதவர்களையெல்லாம் பரிசோதிக்கும் வழக்கத்தைப் பல வைத்தியசாலைகள் கைவிட்டுவிட்டன. முன்னர் ஆய்வுகூடம் சொன்னதை இப்போது நோயாளியின் வாய்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "திரும்ப வரிசையின்ரை கடைசியிலை விட்டிடுவாங்களே தம்பி?" என்றார். அவருடைய உண்மையான பயம் அதுதான். வைரசைவிட வரிசைக்குத்தான் அவர் அஞ்சினார். அது நியாயமற்ற பயம் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையைச் சொல்லி, இடத்தை இழக்காமல் நாளை மாத்திரம் மாற்றித் தரமுடியுமா என்று கேட்டுப்பாருங்கள் என்றேன்.

நேற்று மீண்டும் அழைத்தார். மூன்று வாரங்கள் தள்ளி நாள் கொடுத்திருக்கிறார்களாம். முழங்கால் நோவு அப்படியேதான் இருக்கிறது என்றார். அதற்காக என்னை ஒரு மூச்சு ஏசிவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார்.