கட்டை விரலின் நடை

ப்ளூஸ் என்றால் அழுகைப் பாட்டு என்று கேள்விப்பட்டிருப்பவர்கள் நம்மில் பலர். அமெரிக்காவின் தென் பகுதியில், பருத்திக் காட்டிலும் ரயில் பாதையிலும் உழைத்த கறுப்பு மக்கள் பாடிய பாட்டு அது. துக்கம் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் மீட்டி அதைக் கற்றுக்கொள்ள முனைந்தவனைக் கேட்டுப் பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்கு அவனுக்கு இருக்கிற ஒரே துக்கம் தன் கட்டை விரல்தான் என்பான்.

கிட்டாரில் ஆறு தந்திகள். தடித்த மூன்றும் கட்டை விரலுக்குச் சொந்தம். அவற்றில் அது மாறி மாறி, ஏற்றம் மிதிக்கிறவன் கால் மாதிரி, நடந்துகொண்டே இருக்க வேண்டும். மெல்லிய தந்திகளில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாட்டைப் பாடும். அவை தாவட்டும், தயங்கட்டும், நடுவில் மௌனமாகவே இருந்துவிடட்டும், கட்டை விரல் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தை. பேத்தி மேல்படிப்புக்குப் போகும்போது விட்டுச் சென்ற கிட்டாரை என் அறுபத்தெட்டாவது வயதில் கையில் எடுத்தேன். நாலு மாதம் வரை என் கட்டை விரல் புது மாப்பிள்ளை போல ஆள்காட்டி விரலின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

கடலூரில் இதற்குக் குரு கிடைப்பது கடினம். மஞ்சக்குப்பத்தில் மாதா கோயில் பாடற்குழுவுக்கு வாசிக்கும் ஓர் இளைஞர் இடக் கை வேலையைச் சொல்லிக் கொடுத்தார். "கட்டை விரல் சங்கதிக்கு அந்த அமெரிக்கத் தாத்தாக்களையே கேளுங்கள், சார்" என்று கைப்பேசியில் சில ஒலிப்பதிவுகளைக் காட்டிவிட்டுப் போனார். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் உப்புக் காற்று வேறு, எஃகுத் தந்திகளை ஒன்றரை மாதத்தில் பழுப்பாக்கிவிடும். வாசித்து முடித்ததும் குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் துணியால் துடைத்து வைப்பேன்.

அந்தத் தாத்தாக்களில் ஒருவரிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டாகிவிட்டது. மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்று பெயர். பண்ணை வேலை செய்தவர். 1928-ல் சில இசைத்தட்டுகள் கொடுத்தார். அவை அதிகம் விற்கவில்லை. அவரும் ஊருக்குத் திரும்பி மாடு கன்றுகளைப் பார்க்கப் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷம் யாரும் அவரைத் தேடவில்லை. அந்தத் தட்டுகளில் ஒன்றில் அவர் தம் சொந்த ஊரான அவலானின் பெயரைப் பாடியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு 1963-ல் ஓர் இளைஞர் அந்தக் கிராமத்துக்கே போய்ச் சேர்ந்தார். கிழவர் இருந்தார்! நம் வித்வான்களுக்குப் பெயரின் முன்னால் ஊர் நிற்கிறது. இவருக்குப் பாட்டுக்குள் நின்றிருக்கிறது. அதே வருஷம் நியூபோர்ட் இசை விழாவில் வாசித்தார். 1966-ல் காலமாகிவிட்டார். அந்த மூன்று வருஷப் பதிவுகளைக் கேட்டால், குரல் என்ன சொன்னாலும் கட்டை விரல் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது. துக்கம் வந்த வீட்டிலும் யாரோ ஒருத்தி அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள் அல்லவா, அந்த மாதிரி.

இந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு நான் சிதம்பரம் போனதற்குக் காரணம் என் அக்கா.

1929-ல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரியில் 1968-ல் சேர்ந்து வீணை படித்தவள் அக்கா. மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நாற்பது வருஷம் பெண் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எட்டு வருஷத்துக்கு முன் வழுக்கி விழுந்ததில் இடக் கை மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் பழையபடி மடங்கவில்லை. வீணையில் கமகம் முழுவதும் இடக் கை விரல் தந்தியை இழுப்பதில் இருக்கிறது. அன்றைக்கு உறை போட்டு மூடினாள். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் காப்பி கலக்க எழுந்து போய்விடுவாள்.

ஜான் ஹர்ட்டைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டாள். "இதுக்கா நாலு மாசம்? எங்களுக்குச் சுண்டு விரல் இதைத்தானே செய்யும்?" என்றாள்.

அட, ஆமாம்! வீணையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாட்டை மீட்ட, பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகளைச் சுண்டு விரல் கணக்குப் பிசகாமல் தட்டிக்கொண்டிருக்கும். சிறு வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"விரலை மிரட்டாதே. பாட்டை விட்டுவிடு. ஒரு மாசம் கட்டை விரல் மட்டும் போடு. அதோடு என்னிடம் பேசு. பேசிக்கொண்டே போட வந்தால் பாட்டு தானே மேலே ஏறிக்கொள்ளும்."

அப்படித்தான் ஏறியது.

ப்ளூஸின் வழக்கமான கட்டு பன்னிரண்டு அளவு, அளவுக்கு நாலு தட்டு. அக்கா தொடையில் ஆதி தாளம் போட்டுப் பார்த்தாள். ஆறாவது ஆவர்த்தனத்தில் கச்சிதமாக முடிந்தது. நாற்பத்தெட்டு! முதலடியை இரண்டு தடவை பாடி மூன்றாமடியில் முடிப்பதும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அடிக்கு இரண்டு ஆவர்த்தனம். "ஆனால் காந்தாரத்தை எங்கேயும் உட்கார விடமாட்டேன் என்கிறார்களே. சாதாரணமும் இல்லை, அந்தரமும் இல்லை" என்றாள் ஒருநாள். அந்த இடத்தில்தான் ப்ளூஸின் உயிரே இருக்கிறது என்கிறார்கள். அவர்களும் தந்தியை இழுத்துத்தான் அங்கே போகிறார்கள்.

எலிஸபெத் காட்டன் என்ற அம்மாளைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். இடக் கைக்காரி. கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, எல்லாரும் கட்டை விரலால் செய்வதை விரல்களாலும், விரல்களால் செய்வதைக் கட்டை விரலாலும் செய்தவர். சிறு பெண்ணாக இருந்தபோது வாசித்ததைப் பிறகு பல பத்தாண்டுகள் தொடவே இல்லை. வீட்டு வேலைக்குப் போன இடம் ஒரு சங்கீதக் குடும்பமாக அமைந்தது. சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்தார். 1958-ல், அறுபது வயது தாண்டிய பிறகு, முதல் இசைத்தட்டு வந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கலக்கவும் போகவில்லை.

அந்த அம்மாள் பயன்படுத்திய சுருதி ஒன்று உண்டு. நாலு தந்திகளைத் தளர்த்தினால் கிட்டார் ச ப ச க ப ச என்று நிற்கும். வெஸ்டபோல் என்று பெயர். செவஸ்டபோல் என்ற ருஷ்யக் கோட்டையின் முற்றுகையைப் பற்றிய பழைய கிட்டார் உருப்படி ஒன்று கிராமத்து வாய்களில் தேய்ந்து இப்படி ஆயிற்றாம். கூடலூர் வெள்ளைக்காரன் வாயில் பட்டபாட்டை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. இந்தச் சுருதியில் ஒரு சௌகரியம்: இடக் கை எதையுமே அழுத்த வேண்டாம். சும்மா மீட்டினாலே இசை.

கிட்டாரை அவள் மடியில் வைத்தேன். "எனக்கெதற்குடா?" என்றாள். ஆனால் வலக் கை அதற்குள் தந்திகளை எண்ணிப் பார்த்துவிட்டது. "காந்தாரத்தை எடுத்துவிட்டால் தம்பூராதான்" என்று முணுமுணுத்தாள். கட்டை விரல் நடக்கத் தொடங்கியது. எட்டு வருஷம் சும்மா இருந்த கைக்கு அந்த நடை எங்கிருந்து வந்ததோ! நான் அவள் இடப் பக்கம் உட்கார்ந்து, ஐந்தாவது ஆவர்த்தனத்துக்கு ஏழாம் மெட்டும் ஐந்தாம் மெட்டும், அதற்கு முன்னால் மூன்றாவதில் ஐந்தாம் மெட்டும், ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து அழுத்தினேன். பன்னிரண்டு அளவும் முழுதாக வந்தது. அவள் நிறுத்தவில்லை. மறுபடியும் போனோம். அவள் இடக் கை மடியில் அமைதியாகக் கிடந்தது.

இருட்டிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து கிட்டாருக்குக் கை நீட்டினேன்.

"இங்கேயே இருக்கட்டும். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குத் தந்தி துருப்பிடிக்கிறது என்றாயே" என்றாள் அக்கா.