எண்ணெய் சொல்லும் செய்தி

கொல்லிமலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியினின்று காரவள்ளி வழியே மலையேறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அவ்வளைவுகளில் எஞ்சின் இறுகி நிற்குமாயின் ஓட்டுநர் உயிருக்கே இடையூறாம். சென்ற விடுமுறையில் என் சிறிய தந்தையாரது லாரியில் எண்ணெயழுத்தம் குறையவே, மேஸ்திரியார் எண்ணெய்ப் பம்பைக் கழற்றிப் பிரித்தார். யான் அருகிருந்து கண்டேன்.

உள்ளே இரு பற்சக்கரங்கள் இருந்தன. அவை சுழன்று அடிக்கலத்து எண்ணெயை எஞ்சினெங்கும் செலுத்துகின்றன. வடிகட்டியை அடையுமுன்னரே எண்ணெய் பம்பினுட் புகுவதால், சல்லடைக்குத் தப்பிய துகள் முதற்கண் புண்படுத்துவது பம்பையே. மூடியில் வட்டக் கீறல்கள் நகத்திற்குத் தட்டுப்பட்டன. மேஸ்திரியார் சக்கரங்களின்மேல் நேர்ச்சட்டம் வைத்து, இடையே ஃபீலர் கேஜின் தகடுகளைச் செருகினார். 0.1 மில்லிமீட்டர் அளவில் அமையவேண்டிய இடைவெளியில் அதனினும் தடித்த தகடு எளிதிற் புகுந்தது.

பின்னர்ச் சல்லடையிற் படிந்தவற்றை வெள்ளைத் துணியில் உதறிக் காந்தத்தை அணுகச் செய்தார். இரும்பாயின் ஒட்டும், செம்புநிறத் துகள்களோ அசையாது கிடந்தன.

“தம்பி, இவை பேரிங்கின் உட்பூச்சு. பம்பை மாற்றினால் மட்டும் போதாது; எஞ்சினையும் பிரிக்கவேண்டும்” என்றார்.

மறுநாட் சுமைக்கு முன்பணம் பெற்றாயிற்று. கடன் தவணையும் நெருங்கியிருந்தது. சிறிய தந்தையார் சிறிதுபொழுது ஓட்டுநரை நோக்கினார். பின், “பிரித்துவிடுங்கள்” என்றார்.

நோயோடு அதன் காரணத்தையும் ஆராய்தல் மருத்துவர்க்கு வள்ளுவர் வகுத்த நெறி. எண்ணெய்க் கறைபடிந்த அக்கைகளிலும், நட்டத்தை ஏற்ற அவ்வொரு சொல்லிலும் அந்நெறி விளங்கக் கண்டேன்.