உப்புத்தாளுக்கு முன்

ஐப்பசி 8

மழை பிடித்துக்கொண்டால் மர மேசைகளில் வெள்ளை வளையங்கள் தெரியத் தொடங்கும். கண்டதும் உப்புத்தாளைத் தேடுகிறோம். தேய்த்தால் கறை போகும், உண்மைதான். கூடவே பாலிஷும், பல ஆண்டு வெளிச்சத்தில் மரத்துக்கு ஏறிய நிறமும் போய்விடும். கறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல் மரத்தில் கைவைக்கக் கூடாது என்பதே என் கட்சி. வெள்ளைக் கறை பெரும்பாலும் மரத்தைத் தொட்டிருப்பதே இல்லை. பழைய பீரோ, நாற்காலிகளில் இருப்பது அவலரக்கு பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் ஏற்றிய மெல்லிய படலம். சூடான டம்ளரும் தேங்கிய ஈரமும் அதற்குள் நீரைப் புகுத்திவிடுகின்றன. உள்ளே உண்டாகும் நுண்ணிய இடைவெளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. சாயம் எதுவும் ஏறவில்லை. அடைமழை நாளில் பாலிஷ் போடும்போதே பரப்பு வெளுத்துவிடுவதும் ஈரத்தால்தான்: ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. ஆகவே முதலில் சில நாள் உலரவிட வேண்டும். பிறகு துளி எண்ணெய் தொட்டு மெல்லத் தேய்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால், ஸ்பிரிட்டில் தோய்த்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரே ஓட்டமாக வருடினால் அரக்குப் படலம் லேசாகக் கரைந்து, மறுபடி சேர்ந்து படியும்.

ஐப்பசி 9

பற்பசை போதுமே என்பார்கள். பற்பசையும் தேய்ப்புப் பொருள்தான். மெல்லிய உப்புத்தாள் என்றே கொள்ளலாம். கறை மேலாக இருந்தால் எடுத்துவிடும், ஆனால் அந்த இடத்தின் பளபளப்பு மங்கும். ஸ்பிரிட்டும் எல்லா மேசைக்கும் ஆகாது: இன்றைய பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு அதில் கரையாது. அதனால் எந்தப் பூச்சு என்று அறிய, மேசையின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் ஒரு துளி வைத்துப் பார்க்க வேண்டும். நேரம் போதாத ஆசாரிக்கு இழைத்துவிட்டுப் புதிதாகப் பாலிஷ் போடுவதே லாபம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. முழுத் தேக்குப் பலகையானால் மரமும் தாங்கிக்கொள்ளும். பிளைவுட்டில் மேலே ஒட்டிய தேக்கு ஏடு பல வேளைகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைத் தேய்த்துக் கடந்துவிட்டால் திரும்ப ஒட்ட வழியே இல்லை.

ஐப்பசி 11

கறுப்புக் கறையின் கதை வேறு. இரும்பு ஆணி, பூந்தொட்டித் தாங்கி, துருப்பிடித்த டப்பா, இவற்றின் இரும்பு ஈரத்தோடு சேர்ந்து மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினைச் சந்திக்கும்போது கறுப்பு பிறக்கிறது. ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரியில் கடுக்காய்ச் சாற்றில் நனைத்த துணிமேல், துருவையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் கறுப்புக் கோடு இழுக்கிறார்களே, அதே வினை. துணியில் சாயமாக நிலைக்கும் பொருள் மரத்தில் மட்டும் மேலாக நின்றுவிடுமா? அது நார்வரை ஊறியிருக்கும். அதனால் தேய்க்கத் தேய்க்கக் குழிதான் விழும். துணி வெளுக்கும் பிளீச்சிங்கும் இதைத் தொடாது. ஆக்சாலிக் அமிலம் அந்த இரும்பைப் பற்றிக் கரைத்துவிடும். முதலில் பாலிஷை நீக்கினால்தான் அமிலம் மரத்தை எட்டும். கறை விழுந்த இடத்தில் மட்டும் பூசினால் அங்கே வெளிறிய திட்டு நிற்கும் என்பதால் பலகை முழுவதும் பூச வேண்டும். விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்ற கேள்வி சரியானதே. கையுறை கட்டாயம், குழந்தைகள் அருகில் கூடாது, முடிந்ததும் பலமுறை நீரால் கழுவித் துடைக்க வேண்டும். கழுவாமல் விட்டால், பின்னால் தேய்க்கும்போது அதன் படிகங்கள் தூளாகி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். தீக்காயத்துக்கு மட்டும் இந்த வழிகள் எதுவும் செல்லாது. அங்கே மரமே கரியாகிவிட்டது. கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை உப்புத்தாளால் சமன் செய்வதுதான் முறை.