போகவில்லை – டிட் நாட் கோ

ஆங்கிலத்தின் பன்னிரண்டு காலங்களையும் கட்டம் போட்டு ஒப்பிக்க எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே தெரியும். கோ – வெண்ட் – கான், கம் – கேம் – கம் என்று நோட்டு நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆங்கிலத்தில் வாய் திறந்ததில்லை.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் நாலாவது நிலையம். நடுவில் பொத்தேரியில் இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள் பேசுகிற ஆங்கிலத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போவேன். ஷிப்ட் முடிந்து ரிப்போர்ட் எழுதும் நேரம் வந்தால் கை நடுங்கும். கூட வேலை பார்க்கும் தோழியிடம் கெஞ்சி எழுத வைப்பேன். அப்போதெல்லாம் எனக்குள் இருந்தது வெறும் பயம்தான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் மனசு தாங்காமல் அவரிடம் சொன்னேன்: “டிட் நாட்-டுக்கு அப்புறம் வெண்ட் ஏன் வரக் கூடாதுன்னே புரியலை ஐயா. நடந்து முடிஞ்ச விஷயம்தானே?”

“போனேன்னு சொல்றே. அதையே இல்லைன்னு சொல்லும்மா.”

“போகவில்லை.”

“போனேன் எங்கே போச்சு? ‘போக’ங்கிறதுல காலம் இருக்கா?”

இல்லை. ‘போக’ வெறும் எச்சம். தமிழிலும் மறுக்கும்போது வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஒரு வேற்றுமை உண்டு. நம் ‘போகவில்லை’ நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் இறந்தகாலத்தை டிட் தூக்கிக்கொள்கிறது; கோ வெறுங்கையோடு நிற்கிறது. அன்றைக்குப் பிறகு அந்த இடத்தில் எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மற்றதெல்லாம் ஸ்டோர்ஸிலேயே கிடைத்தது. “லோடு வந்திருக்கு” என்றால் வண்டி வாசலில் நிற்கிறது, போய் இறக்கணும்: ஹேஸ் கம். “லோடு வந்தது” என்றால் அந்தக் கதை முடிந்தது: கேம். “நான் போனப்போ லோடு வந்திருந்தது” என்றால் ஹேட் கம். “வந்துக்கிட்டிருக்கு” என்றால் இஸ் கமிங். இந்த நுணுக்கத்தை எங்கள் லோடுமேன்கள் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. ‘இரு’ என்ற ஒரு துணைவினையை வைத்துக்கொண்டு நாம் காலம் முழுக்கச் செய்கிற வேலையைத்தான் ஹேவும் ஹேடும் பீயும் பங்கு போட்டுச் செய்கின்றன.

கோ – வெண்ட் – கான் என்று மூன்று பத்தியாக எழுதிய வினைகளும் அப்படியே. தமிழில் இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என்று நாலு இடைநிலை சொல்கிறது நன்னூல். செய்தேன், உண்டேன், கற்றேன், பாடினேன். எது எங்கே வரும் என்று எந்தக் குழந்தையும் பட்டியல் பார்ப்பதில்லை; ஓசை சொல்லிக்கொடுக்கிறது. நானும் அகரவரிசையை விட்டுவிட்டு சிங் – சாங் – சங், ரிங் – ராங் – ரங், டிரிங்க் – டிராங்க் – டிரங்க் என்று ஓசை பார்த்துக் கூட்டம் கூட்டமாகப் படித்தேன். ஒட்டிக்கொண்டன.

தமிழ் கைவிடும் இடங்களும் இருக்கின்றன. “நேத்தே வந்திருக்கு” என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் நேற்று என்ற சொல் வந்துவிட்டால் ஹேஸ் கம் நிற்காது, கேம்தான். ‘தெரியும்’ என்பது இன்னொரு பள்ளம். அறிந்திருப்பது என்ற பொருளில் அது நிகழ்கால இடைநிலையான ‘கிறு’வை ஏற்பதில்லை, ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்றும் யாரும் சொல்வதில்லை. அதை நினைவில் வைத்தால் ஐ ஆம் நோயிங் என்று வராது.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. ஆறாவதிலிருந்து ஒரே வகுப்பறையில் தமிழய்யா இடைநிலை நடத்தினார். மணி அடித்ததும் ஆங்கில டீச்சர் டென்ஸ் நடத்தினார். இரண்டு பாடமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. 1935-இல் வந்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் தமிழ் இல்லாததில் குற்றமில்லை. ஆனால் அதை நமக்கு நடத்துகிறவர்கள் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் இலக்கணத்தை ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

இப்போது சாயங்காலம் தெருப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன், பிறகுதான் நோட்டு. ரிப்போர்ட்டை நானே எழுதுகிறேன். ஆங்கிலத்தின் ‘தி’யை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதற்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை. அதை ஐயாவோடு சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.