கைக்கு ஒரு பங்கு

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் வீதியில் அளம்பிலையும் செம்மலையையும் கடந்தபின் வருவது நாயாறு. பெயரில் ஆறு இருப்பினும் அங்கே கண்ணுக்குத் தெரிவது ஒரு களப்பும், அதனைக் கடலோடு இணைக்கும் ஒடுங்கிய வாயும், அதன் இருமருங்கும் நீண்டு கிடக்கும் வெண்மணற் கரையுமேயாம். சோளகம் வீசத் தொடங்கி மேற்குக் கரை கொந்தளிக்கும்போது இக்கரை அமைதியுறும். அவ்வேளை நீர்கொழும்பு, சிலாபம் முதலாய இடங்களிலிருந்து பருவகாலத் தொழிலாளர் இங்கு வந்து வாடி அமைப்பர். வாடைக்காற்றுக்கு முன்னர் மீள்வர். இவ்வூர் மக்களோ, 1984ஆம் ஆண்டின் இறுதியில் இக்கரையோரக் கிராமங்கள் பல வெறுமையானபோது வெளியேறி, போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னரே மீண்டும் வந்து குடியமர்ந்தவர்கள். இவ்விரு சாராருக்குமிடையே கடலுரிமை பற்றிய பூசல்கள் நெடுங்காலமாக உள்ளன. அவற்றைப்பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். இரு சாராருக்கும் பொதுவான ஒன்றைப்பற்றி எழுதியோர் குறைவு. தொழிலிடத்தில் கையோ காலோ போனால் அதற்கு யார் பொறுப்பு என்ற வினாவே அது.

கரைவலைத் தொழிலை அறியாதார்க்கு அதனைச் சற்று விளக்குதல் வேண்டும். வலைக்கயிற்றின் ஒரு தலைப்பு கரையில் நிற்க, வள்ளம் கடலுக்குட் சென்று அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு, மறு தலைப்போடு வேறோரிடத்திற் கரை சேரும். பின்னர் இரு பகுதியாகப் பிரிந்த ஆட்கள் இரு கயிறுகளையும் மணிக்கணக்காக இழுப்பர். இறுதியில் மீனோடு மடி கரையேறும். முன்னாளில் இது முற்றிலும் மனிதத் தசையால் நிகழ்ந்த வேலை. அண்மைக் காலத்திற் சில இடங்களில் உழவு இயந்திரத்தோடு பொருத்திய 'வின்ச்' என்னும் சுழலுருளை கயிற்றை இழுக்கப் பயன்படலாயிற்று. அது வளத்தை அழிக்குமா, ஆட்குறைப்புச் செய்யுமா என்ற வாதங்கள் ஒருபுறமிருக்க, அது கையையும் இழுக்கும் என்பதை இக்கரையில் ஒருவர் தம் உடலால் அறிந்தார்.

அவருக்கு அப்போது நாற்பதை அண்மித்த வயது. இடப்பெயர்வுக் காலத்திற் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை விடவும் முகாம்களை மிகுதியாகக் கண்டவர். ஈரக்கயிறு உருளையில் ஒன்றன்மேலொன்று ஏறிச் சிக்கியபோது அதனை விலக்க வலக்கையை நீட்டினார். இயந்திரத்தை நிறுத்துமாறு எழுந்த கூக்குரல் அலையோசையைத் தாண்டி ஓட்டுநரின் செவிக்கு எட்டுமுன் சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. சம்மாட்டி தம் செலவில் வாகனம் பிடித்து மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றினர். பெருவிரல் காப்பாற்றப்பட்டது.

நம் நாட்டில் அரச வைத்தியம் இலவசம் என்பது பெருமைக்குரியதே. ஆயினும் ஒரு காயத்தின் செலவு வைத்தியசாலையின் வாயிலோடு முடிவதில்லை. உடனிருப்பவருக்குச் சோறு வேண்டும். கட்டு மாற்றப் போகவும் வரவும் பேருந்துக்குப் பணம் வேண்டும். பார்த்திருக்கச் சென்ற மைத்துனருக்கும் அந்நாட்களிற் கடலில்லை. அவர் மனைவி கழுத்திற் கிடந்த சங்கிலியை அடைவு வைத்தார். மற்றவர்களிடம் மீன் வாங்கிக் கருவாடு போட்டு விற்கலானார். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு, பருவம் தொடங்குமுன் சம்மாட்டியிடம் வாங்கியிருந்த முற்பணம். உழைக்கும் கைக்கு அது முற்பணம். உழைக்க முடியாத கைக்கு அதுவே கடன். சம்மாட்டி நல்ல மனிதர். வைத்தியசாலைக்கு வந்து, “கணக்கை இப்ப யோசிக்காதை தம்பி, முதல் கை சுகமாகட்டும்” என்றார். “ஓம் ஐயா” என்றார் இவர். யோசிக்காதே என்று சொல்லப்பட்டதை அன்று இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்ததாகப் பின்னர் அவர் மனைவி கூறினார்.

நட்டஈடு என்ற சொல்லிலுள்ள 'ஈடு' சமன் என்னும் பொருளது. காணியைப் பிணையாக வைத்தலையும் நம்மவர் ஈடு என்றே வழங்குவர். ஒரே சொல் இரு திசையிற் செல்வது வியப்பன்று. முதற்பொருளில் ஈடு வராத வீடுகளே பெரும்பாலும் இரண்டாம் பொருளில் ஈடு வைக்கின்றன.

சட்டம் இல்லாமலில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. அதன் அடிப்படைக் கருத்து, 1884இல் ஜேர்மனியிலும் 1897இல் பிரித்தானியாவிலும் உருக்கொண்டது. அதாவது, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தாயின், தொழில்கொள்வோனின் குற்றத்தைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை; ஆபத்து தொழிலின் செலவுகளுள் ஒன்றெனக் கொள்ளப்படும். தற்காலிக இயலாமைக்கு அரைமாதத்துக்கொருமுறை கொடுப்பனவும், நிலையான இயலாமைக்கு ஒரு தொகையும் உரியன. 2022இல் நிகழ்ந்த திருத்தம் நட்டஈட்டின் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துக்களையும் சட்டத்துட் கொணர்ந்தது. வரவேற்கத்தக்க திருத்தம் என்பதில் ஐயமில்லை.

இத்தகைய சட்டங்கள் உடலைக் கூறுகூறாக மதிப்பிடும் முறை தனியே நோக்கத்தக்கது. நமது சட்டத்துக்கு முன்னோடியாயமைந்த இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வகுத்த அட்டவணையில், முழங்கையிலோ அதற்கு மேலோ வலக்கை போனால் உழைப்பாற்றலில் நூற்றுக்கு 70 இழப்பு, இடக்கையாயின் 60, ஒரு கண் 30, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, ஏனைய விரல் ஒவ்வொன்றும் 5. இக்கணக்கின்படி நாயாற்றுத் தொழிலாளி இழந்தது நூற்றுக்கு 15. எழுதுவினைஞர் ஒருவருக்கு இது பொருந்தலாம். ஈரக்கயிற்றை இறுகப் பற்ற இயலாத கை, கரைவலையிற் பதினைந்து வீதம் குறைந்த கையன்று. அது கையே அன்று. அட்டவணை விரல்களை எண்ணுகிறது. தொழிலோ பிடியைக் கேட்கிறது.

எனினும் இவ்வட்டவணைவரை அவருடைய வழக்குச் செல்லவே இல்லை. அதற்கு முன்னர் வாயிலில் ஒரு வினா நின்றது: உமது தொழில்கொள்வோன் யார்?

கரைவலையிற் கூலி இல்லை, பங்கு உண்டு. விற்ற மீனின் பணத்தில் முதலிற் செலவுகள் கழிக்கப்படும். பின்னர் வலைக்கும் வள்ளத்துக்கும் இயந்திரத்துக்கும் உரிய பகுதி சம்மாட்டியைச் சேரும். எஞ்சியது இழுத்தவர்களிடையே பிரியும். அளவுகள் வாடிக்கு வாடி வேறுபடினும் ஒழுங்கு இதுவே. பங்கு பெறுபவன் பங்காளி. பங்காளிக்குத் தொழில்கொள்வோன் ஏது என்பது பழைய வாதம். பிரித்தானியாவின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் இதனை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. மீன்பிடிக் கலத்தின் இலாபத்திலோ மொத்த வருமானத்திலோ பங்கு பெறும் பணியாளருக்கு அச்சட்டம் ஏற்புடையதன்று என விலக்கியது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பொருந்திய நீதி கடலோரத்தில் நின்றுவிட்டது.

அவர் உண்மையிற் பங்காளிதானா? எந்த இடத்தில் வலை வளைப்பது, எந்த வியாபாரிக்கு மீனைக் கொடுப்பது, வின்ச் பூட்டுவதா இல்லையா என்ற எவற்றிலும் அவருக்குச் சொல் இல்லை. முற்பணம் வாங்கியபின் பருவத்தின் நடுவே வேறொரு வாடிக்குப் போகவும் இயலாது. இலாபத்தில் மட்டும் பங்கு என்றால் அதுவும் முழு உண்மையன்று. மடி வெறுமையாக வந்த நாளில் அவருக்கும் வெறுமையே. ஆகவே நட்டத்திற் பங்காளி, முடிவெடுப்பிற் கூலியாள் என்பதே பொருத்தமான விவரணம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே என வாதிட்டு, யாருடைய கட்டுப்பாட்டில் வேலை நடந்தது என்பதை ஒரு நல்ல சட்டத்தரணி நிறுவக்கூடும். ஆனால் சம்பளப் புத்தகம் இல்லாத ஒருவரின் மாத வருமானம் எவ்வளவு? எதிர்வாதி யார்? வைத்தியசாலைக்கு வாகனம் பிடித்துத் தந்தவர். அடுத்த பருவத்தில் மகனுக்கும் வேலை தர வேண்டியவர். தாமும் மீன் முதலாளியிடம் கடன்பட்டிருப்பவர். அத்தகையவர்மீது கொழும்பு ஆணையாளரிடம் மனுச் செய்வதென்பது சட்டநூலில் ஒரு பிரிவு; நாயாற்றில் அது ஊரைப் பகைப்பது. அவர் மனுச் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும் எனப் பல்கலைக்கழக மேசையிலிருந்து கூறுவது எளிது.

பங்குமுறையில் நட்டஈட்டுக்கு இடமே இல்லை என்று கருதுவோர்க்கு வரலாறு விநோதமான விடையொன்றை வைத்திருக்கிறது. கரீபியன் கடலிற் கொள்ளையரோடு வாழ்ந்த எக்ஸ்குமெலின் என்பவர் எழுதி 1678இல் ஒல்லாந்த மொழியில் வெளியான நூலில், அவர்தம் உடன்படிக்கை விவரிக்கப்பட்டுள்ளது. அவர்களும் பங்குக்காரரே, கொள்ளை கிடைக்காவிடிற் கூலியும் இல்லை. ஆயினும் பங்கு பிரிக்குமுன் பொதுப் பணத்திலிருந்து காயமுற்றோர்க்குரியது எடுத்துவைக்கப்படும். வலக்கைக்கு 600 வெள்ளி நாணயம், இடக்கைக்கு 500, கண்ணுக்கு 100, விரலுக்கும் 100. நாணயத்துக்குப் பதிலாக அடிமைகளாகவும் பெறலாம். வலக்கைக்கு ஆறு அடிமைகள். தம் தோழனின் கையை இத்துணை மதித்தோர் பிறர் உடலை எவ்வாறு மதித்தனர் என்பது இதிலேயே விளங்கும். அவர்களைப் போற்ற வேண்டியதில்லை. கணக்கின் வரிசையை மட்டும் கவனித்தாற் போதும்: முதலிற் காயம், பின்னர் பங்கு.

நாயாற்றின் கணக்கிலும் பங்குக்கு முன்னர் கழிக்கப்படுபவை உண்டு என்பதை மேலே கண்டோம். எரிபொருள், அரிசி, வலையின் தேய்மானம், இயந்திரத்தின் தேய்மானம். வலை கிழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகையால் வலைக்குப் பங்கு உண்டு. இயந்திரம் பழுதுறும் என்பதும் தெரியும், அதற்கும் உண்டு. கையும் கிழியும், முதுகும் பழுதுறும் என்பது இழுப்பவர்க்குத் தெரியாததன்று. ஆனால் கை யாருடைய முதலீடாகவும் கணக்கில் ஏறவில்லை. அதனை ஒருவரும் விலைகொடுத்து வாங்கவில்லை அல்லவா.

இதனை ஈடுசெய்யும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. இலங்கையில் 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் கடற்றொழிலாளர்க்கு ஓய்வூதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்கும் திட்டத்தை ஏற்படுத்திற்று. அதில் இயலாமைக்கும் இறப்புக்கும் கொடுப்பனவு உண்டு. ஆனால் அது தொழிலாளி தானே சந்தா செலுத்திச் சேரும் திட்டம். பருவத்துக்குப் பருவம் முற்பணத்தில் வாழ்பவரிடம் சந்தாவுக்கு மிஞ்சுவது எது? கேரளத்தின் 1985ஆம் ஆண்டு மீனவர் நலநிதிச் சட்டம் ஓரடி முன்சென்று, மீன் வியாபாரிகளையும் நிதிக்குப் பங்களிக்கச் செய்தது. மீனால் வாழ்வோர் மீன் பிடிக்கும் கைக்கும் கொடுக்கட்டும் என்பது அதன் நியாயம். சர்வதேசத் தொழில் அமைப்பு 2007இல் நிறைவேற்றிய 188ஆம் இலக்க உடன்படிக்கையோ, பிடியிற் பங்கு பெறுவோரையும் மீனவர் என வெளிப்படையாக ஏற்று, தொழிற்காயத்துக்கு வைத்தியமும் நட்டஈடும் வேண்டுமென வற்புறுத்துகின்றது. 1906இல் மூடிய கதவு நூறு ஆண்டுகள் கழித்துத் திறந்தது எனலாம். ஆயினும் அவ்வுடன்படிக்கை மீன்பிடிக் கலத்தில் வேலை செய்வோரைப் பற்றியது. கரைவலை இழுப்பவர் நிற்பது கலத்திலன்று, மணலில்.

அடுத்த பருவத்தில் அவர் வாடிக்குத் திரும்பினார். வலை பொத்துவதற்கு இடக்கையைப் பழக்கிக்கொண்டார். மீன் நிறுக்கும்போது கணக்கெழுதினார். சம்மாட்டி அவருக்கு அரைப் பங்கு என்றார். முற்பணக் கடனிற் கொஞ்சம் தள்ளுபடியும் செய்தார். அந்த அரைப் பங்கு எங்கிருந்து வந்தது என்று நோக்குமிடத்து, வலைக்குரிய பகுதியிலிருந்தன்று; இழுத்தவர்களிடையே பிரியும் பகுதியிலிருந்தே வந்தது. அதாவது, ஒவ்வொரு பாட்டிலும் ஏனையோர் தத்தம் பங்கிற் சிறிது குறைத்தே இவரைச் சுமந்தனர். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்களுட் சிலர் சிலாபத்துக்காரர். இவரோடு பேசப் பொதுமொழியும் அரைகுறையே.

எழுதப்படாத இவ்வேற்பாட்டை எழுத்தில் வைக்க வேண்டுமாயின், பங்குக்கு முன்னர் கழிக்கும் பட்டியலில் எரிபொருளுக்கு அடுத்ததாக ஒரு வரி சேர்த்தாற் போதும். அப்பணத்தைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கலாம். அப்போது அச்சுமை இழுப்பவர் பங்கில் மட்டுமன்றி வலையின் பங்கிலும் விழும், வியாபாரியிடமும் கேட்கலாம். சிக்கல் ஒன்றுண்டு. இவ்வூரார் இவ்வூர்ச் சங்கத்தினர். பருவத்துக்கு வருவோர் தத்தம் ஊர்ச் சங்கத்தினர். ஒரே கயிற்றில் இருவர் கையும் இருக்கையில் பணத்தை எந்தச் சங்கத்திற் போடுவது என்பதில் உடன்பாடு காண வேண்டும். கடலுரிமைப் பூசலுக்காகக் கூடும் கூட்டங்களில் இதையும் ஒருமுறை நிகழ்ச்சிநிரலிற் சேர்க்கலாம்.